பெயரில்லாத கோப்புகளும் பீமாராவின் டெபியனும்

காளவாசல் சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரில் பீமாராவ் பத்தொன்பது வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறார். அதே சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிறவன் நான். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதைத்தான் இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

"மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்று அவர் ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை சொல்வார். வெளியே பஸ்களும் ஷேர் ஆட்டோக்களும் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். ஈயத் தகடு வைத்த கதவைச் சாத்திவிட்டால் அந்தச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். அரை இருட்டில் யாரோ ஒருவர் மூச்சை அடக்கி நிற்க, திரையில் அவருடைய விலா எலும்புகள் வெளுப்பாகத் தெளிந்து வரும். அந்த ஒரு கணம் பீமாராவுக்கு இன்றைக்கும் சலிக்கவில்லை. ஒன்றுமே இல்லாத கறுப்பிலிருந்து ஒன்று எழுந்து வருவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு கிறக்கம் உண்டு. கம்ப்யூட்டரில் அவர் விழுந்ததும் அந்தக் கிறக்கத்தால்தான் இருக்க வேண்டும்.

அவருடைய வீடு அவனியாபுரத்தில், விமானம் தாழ்ந்து இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருக்கிறது. முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு பழைய கம்ப்யூட்டர். மனைவி முத்துச்செல்வி அங்கன்வாடியில் டீச்சர். பிள்ளைகளின் எடை, உயரத்தையெல்லாம் மாதக் கடைசியில் அதில்தான் டைப் செய்வார். ஒரே மகள் சத்யப்ரியாவுக்குப் பள்ளிக்கூடத்து புராஜெக்ட் வேலைக்கெல்லாம் அதுதான். 2022ஆம் வருடம் அந்தக் கம்ப்யூட்டர் நடக்கவே மாட்டாமல் போனது. ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் குளித்து வந்தால்கூடத் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். புது விண்டோஸ் இந்த இயந்திரத்துக்கு ஆகாது என்றும் ஒரு அறிவிப்பு வந்தது.

சென்டருக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அழகுபாண்டி, ஒருநாள் டீ குடிக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். லினக்ஸ் என்பது ஒன்றல்ல, ஒரே அடிப்படையை வைத்து உலகம் முழுக்கப் பல கூட்டத்தார் தங்கள் ருசிக்கு ஏற்றபடி கட்டிக் கொடுக்கிறார்கள், அப்படிக் கட்டிய ஒவ்வொன்றையும் டிஸ்ட்ரோ என்று சொல்வார்கள், எல்லாம் இலவசம் என்று விளக்கினார். பென்டிரைவைச் செருகி ஆன் செய்தால் போதும், உள்ளே இருக்கும் எதையும் தொடாமல் அதிலிருந்தே ஓடும், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பிடுங்கிவிடலாம் என்றார்.

அன்று சாயங்காலம் பீமாராவ் அதைச் செருகினார். அது உபுண்டு. கறுப்புத் திரையில் சின்னதாக ஒரு வட்டம் சுற்றியது. பிறகு திரை முழுக்க ஒரு கருஞ்சிவப்பு பரவி, இடது ஓரத்தில் படங்கள் வரிசையாக வந்து நின்றன. அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர், ஆனால் அதற்குள் யாருமே இன்னும் குடிவராத ஒரு புது அறை. அவர் ஒன்றும் செய்யவில்லை. சும்மா திறந்து திறந்து பார்த்தார். பென்டிரைவைப் பிடுங்கியதும் எல்லாம் தடயமில்லாமல் மறைந்தது. பழைய சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. கனவிலிருந்து எழுந்த மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் அவருக்கு வேறு மாதிரி ஆகிவிட்டன. சாப்பிட்டுவிட்டு மற்ற இருவரும் படுத்திருப்பார்கள். ஜன்னல் திரைச்சீலை வெயிலில் மஞ்சளாக நிற்கும். மின்விசிறி ஓடும். ஒவ்வொரு வாரமும் ஒரு புது பென்டிரைவ். லினக்ஸ் மின்ட்டில் கீழே இடது மூலையில் பழைய வீட்டுச் சாவி மாதிரி ஒரு மெனு கைக்கு வந்தது. ஃபெடோராவில் திரையில் திறந்திருந்த எல்லா ஜன்னல்களும் தள்ளி நின்று வழிவிட்டன. பப்பி லினக்ஸ் மொத்தமும் நினைவகத்திலேயே குடியேறிக்கொண்டு, தொடுவதற்கு முன்னாலேயே திறந்தது. ஆர்ச்சில் எதுவுமே இல்லை. ஒரு கறுப்புத் திரை, துடிக்கும் ஒரு கோடு, மீதியெல்லாம் நீயே கட்டிக்கொள் என்பது போல. நாலு ஞாயிற்றுக்கிழமை அதில் போனது. பின்னணிப் படங்களில் வந்த ஏரிகளும் பனிமலைகளும் அவர் தூக்கத்துக்குள்ளும் வந்தன. ஒருநாள் கனவில், தான் பார்த்திராத ஒரு நீலத் திரைக்குள் இறங்கி நடந்துகொண்டே இருந்ததாகவும், மேலே விமானம் சத்தமே இல்லாமல் போனதாகவும் சொல்லிவிட்டுச் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

பார்ப்பதோடு நிற்கவில்லை. பிடித்ததை இன்ஸ்டால் செய்வார். மூன்று வாரத்தில் இன்னொன்று அதைவிடப் பிடித்துவிடும். முத்துச்செல்விக்கு இதுதான் சங்கடம். மாதக் கடைசியில் வந்து உட்கார்ந்தால், போன மாதம் கீழே இருந்த பட்டை மேலே போயிருக்கும். தமிழ் எழுத்துக்கு மாற்றும் பொத்தான் வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். அவர் சண்டை போடுகிற ஆள் இல்லை. ஒருதடவை மட்டும், அங்கன்வாடிப் பிள்ளைகள்கூட ஒரு விளையாட்டுச் சாமானை ஒரு வாரமாவது வைத்து விளையாடும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார், பீமாராவ் காதில் விழுகிற மாதிரி.

இனி அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சத்யப்ரியா மூன்று வயது முடிந்தும் பேசவில்லை. காது நன்றாகக் கேட்டது. கூப்பிட்டால் திரும்பினாள், சிரித்தாள். வாயிலிருந்து மட்டும் சொல் வரவில்லை. முத்துச்செல்வி காலையில் அங்கன்வாடிக்குப் போனால் இருபது பிள்ளைகள் சுற்றி நின்று டீச்சர் டீச்சர் என்று மொய்க்கும், பாட்டுப் பாடும், ஒன்றையொன்று கோள் சொல்லும். வீட்டுக்கு வந்தால் தன் பிள்ளை பேசாமல் கையைப் பிடித்து இழுக்கும். அந்த வித்தியாசத்தில் அவர் தினமும் இரண்டு தடவை நடந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒருவரைப் பார்த்தார்கள். பிள்ளையோடு பேசுவதைத் தினமும் கொஞ்ச நேரம் பதிவு செய்து வையுங்கள், மாற்றம் இருந்தால் அதில் தெரியும், மூன்று வாரம் கழித்து மறுபடி வாருங்கள் என்று அந்த அம்மா சொன்னார். பீமாராவ் தன் செல்போனில் பதிவு செய்ய ஆரம்பித்தார். அப்புறம் ஐந்து மாதம் கழித்து, எழுமலைக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது, பஸ்ஸில் வைத்து "தண்ணி" என்று சொன்னாள். அதுதான் முதல் சொல். அன்றைக்கு முத்துச்செல்வி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். ஆறு வயது வரைக்கும் பீமாராவ் பதிவை நிறுத்தவில்லை. ஆயிரத்து நூறு பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, அந்த இரண்டாவது டிஸ்க்கில் இருந்தன.

புது லினக்ஸ் போடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் இரண்டு டிஸ்க்குகளையும் காட்டி எதில் போடட்டும் என்று கேட்கும். அவர் எப்போதும் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார். 2024 பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடித்தபோது கம்ப்யூட்டரையும் பிரித்துத் தூசி தட்டி மாட்டியிருந்தார். மாட்டும்போது இரண்டு வயர்களும் இடம் மாறிவிட்டன. முதலாவது இரண்டாவதாகி, இரண்டாவது முதலாவதாகிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. கை பழகிய இடத்தில் அழுத்தியது. மொத்தமாக அழித்துவிடட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்றார். ஒரு பச்சைக் கோடு மெதுவாக வலது பக்கம் நகர்ந்தது. அதை அவர் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தன்னால் மறக்க முடியவில்லை என்றார். ரசித்துக்கொண்டிருந்தாராம்.

முடிந்து திறந்த பிறகுதான், அழிந்திருக்க வேண்டிய டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருப்பதைப் பார்த்தார். அப்படியென்றால் அழிந்தது எது என்று புரிய அரை நிமிடம் ஆனது. வெயில் அதே மஞ்சளாக இருந்தது. உள்ளறையில் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார், விடச் சொல்ல ஆள் இல்லாமல்.

மறைக்கலாம் என்ற நினைப்பு வந்தது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. அந்தப் பதிவுகளை யாரும் போட்டுக் கேட்டதே இல்லை. சத்யப்ரியாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் முத்துச்செல்வி எழுந்து முகம் கழுவிவிட்டு வந்ததும் அவர் சொல்லிவிட்டார். முத்துச்செல்வி துண்டை முகத்திலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"அம்புட்டுமா?"

"அம்புட்டும்."

"நான் ஒருநாளும் போட்டுக் கேட்டதில்ல. கேக்கலேன்னாலும் இருக்குன்னு ஒரு தெம்பு" என்றார். டீ போட்டு, அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனார். அந்த டம்ளரை அவர் தொடவில்லை.

அழகுபாண்டிக்குப் போன் போட்டார். அழகுபாண்டி பதறவில்லை.

"அண்ணே, மொதல்ல மிஷின ஆஃப் பண்ணுங்க. அந்த டிஸ்க்குல இனி ஒரு எழுத்து புதுசா விழக் கூடாது. அழிஞ்சது எது எங்க இருக்குன்னு குறிச்சு வச்ச அட்டவணைதான். சரக்கு அங்கனயேதான் கெடக்கும், மேல வேற எதுவும் எழுதுற வரைக்கும். நான் இப்பவே வாரேன்."

கடையைச் சாத்திவிட்டு வந்தார். கையில் ஒரு காலி டிஸ்க்கும், டெபியன் ஏற்றிய ஒரு பென்டிரைவும். கம்ப்யூட்டரை டெபியனிலிருந்தே ஓடவிட்டு, அழிந்த டிஸ்க்கை எழுதாமல் படிக்க மட்டும் செய்து, கிடைப்பதையெல்லாம் காலி டிஸ்க்கில் போடும் ஒரு கருவியை ஓட்டினார். அது மறுநாள் மத்தியானம் வரை ஓடியது. நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள் வந்தன. போட்டோக்கள், பழைய ரேஷன் கார்டு நகல்கள், எப்போதோ இறக்கிய பாட்டுகள் எல்லாம் கலந்து. அதில் தொள்ளாயிரம் போல மகளின் பதிவுகள். புதிதாகப் போட்ட லினக்ஸ் எழுதிய இடத்தில் இருந்தவை வரவில்லை, வராது. வந்தவற்றுக்கும் பெயர் இல்லை, தேதி இல்லை. ஒரு எழுத்தும் பின்னால் நீளமாக ஒரு எண்ணும் மட்டும். அட்டவணை போனதால் பெயர்களும் போய்விட்டன, எது எது என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அழகுபாண்டி சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். சாயங்காலம் முத்துச்செல்வி வந்த பிறகு ஒரு மணி நேரம். கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய பீமாராவுக்குக் கை வரவில்லை. அந்த டெபியன் பென்டிரைவிலிருந்தே தினமும் திறந்தார்கள்.

முதல் நாள் சத்யப்ரியா கதவோரமாக நின்று பார்த்தாள். பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் போகிறவள், வீட்டில் போனை வைக்க மறுக்கிறவள். தான் பேசாமல் இருந்தது அவளுக்கு ஒரு குடும்பக் கதை, அவ்வளவுதான். பீமாராவ் ஒரு கோப்பைத் தட்டினார். ஆறு வயதுக் குரல் ஒன்று மூச்சுவிடாமல் ஒரு நாய்க்குட்டியைப் பற்றிச் சொன்னது. அடுத்ததில் மூன்று வயது. நாற்பது வினாடி ஒன்றுமில்லை. தூரத்தில் ஒரு தண்ணீர் லாரியின் ஹாரன், பிறகு பீமாராவின் குரல், இப்போது இருப்பதைவிட மெல்லிசாக, கெஞ்சியது. "சொல்லும்மா. ஒரே ஒரு தடவ." மறுபடி ஒன்றுமில்லை. அடுத்ததில் ஐந்து வயது, தன் பெயரைச் சொல்ல முடியாமல் பியா, பியா என்று பாடினாள். அதற்கடுத்ததில் மறுபடியும் மௌனம்.

வரிசை இல்லாததால் அவள் வளர்ந்தாள், குறைந்தாள், பேசினாள், பேச்சை இழந்தாள், மறுபடி பேசினாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தாலும் யாரும் லைட் போடவில்லை. மூவரும் அந்தத் திரை வெளிச்சத்தில் எந்த வருடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாளே சத்யப்ரியா கதவோரத்திலிருந்து வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் கீபோர்டை அவள் வாங்கிக்கொண்டாள். கேட்டு முடித்ததற்கெல்லாம் அவளே பெயர் வைத்தாள். "நாய்க்குட்டி". "தோசை வேண்டாம்". "அப்பா கெஞ்சுகிறார் ஒன்று". "அப்பா கெஞ்சுகிறார் இரண்டு".

இரண்டாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை. சத்யப்ரியா தட்டிய கோப்பில் குக்கர் சத்தம் இருந்தது. முத்துச்செல்வியின் குரல் வந்தது. "நாளைக்கு ரெண்டாவது தடவ போறோம்ல. டாக்டரம்மா கேட்டா என்னத்தச் சொல்றது? இன்னைக்கும் ஒண்ணும் வரல." பீமாராவின் குரல், வரும், கவலைப்படாதே என்றது. கவலைப்படாமல் எப்படி இருப்பது என்று முத்துச்செல்வி கேட்க, இருவரும் கொஞ்ச நேரம் அதையே பேசினார்கள். அவர்கள் பேச்சுக்குப் பின்னால் ஒரு விமானம் வந்தது. சத்தம் பெருகி, ஜன்னல் கம்பி அதிர்ந்து, பிறகு தேய்ந்தது. அது தேய்ந்த இடத்தில், மழலையாக, ஆனால் மிகத் தெளிவாக, ஒரு குரல்.

"போச்சு."

பதிவில் யாரும் அதைக் கேட்கவில்லை. பருப்பு வெந்துவிட்டதா பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார் முத்துச்செல்வி. பதிவு முடிந்தது.

சத்யப்ரியா திரும்பிப் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னார் முத்துச்செல்வி. போட்டாள். மறுபடி. ஐந்து தடவை ஆனது. டாக்டரம்மாவை இரண்டாவது தடவை பார்ப்பதற்கு முந்தின நாள் அது. எழுமலை பஸ்ஸுக்கு நாலு மாதத்துக்கு மேல் முன்னால்.

"அவ பேசிட்டா" என்றார் முத்துச்செல்வி. "நாமதான் பேசிக்கிட்டு இருந்திருக்கோம்."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பீமாராவுக்குத் தெரியவில்லை. சத்யப்ரியா அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டு, நான் எதைப் போச்சு என்று சொன்னேன், விமானத்தையா, வேறு எதையாவதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தேதியோடு, பெயரோடு எல்லாம் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் பதிவை யாரும் எந்தக் காலத்திலும் திறந்திருக்க மாட்டார்கள் என்று பீமாராவ் என்னிடம் சொன்னார். அதற்காகத் தான் செய்தது சரியென்று ஆகாது என்றும் உடனே சொன்னார். வராமல் போன இருநூறில் என்ன இருந்ததோ.

எல்லாவற்றையும் கேட்டு முடிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. முடிந்த அன்று அழகுபாண்டியின் பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்தபோதுதான் பீமாராவுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாள் அந்த டெபியனில் உட்கார்ந்திருந்தும் அது எப்படி இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. பட்டை மேலேயா கீழேயா, பின்னணியில் என்ன படம், என்ன நிறம், எதையும் அவர் பார்க்கவே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் மனைவியின் முகமும் மகளின் முகமும். இரண்டு வருடமாக ஒவ்வொன்றின் அழகையும் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டிருந்தவருக்கு, கண்ணில் படாமலே ஒன்று உடன் இருந்திருப்பது ஆச்சரியமாக இருந்தது. டெபியன்காரர்கள் எதையும் நிதானமாகத்தான் செய்வார்கள், புதுப் பதிப்பு வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும், அதுவரை இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று அழகுபாண்டி சொன்னார். வீட்டில் இனி டெபியன்தான் என்று கடையில் வைத்தே பீமாராவ் முடிவு செய்துவிட்டார்.

இன்ஸ்டால் செய்த அன்று இரண்டாவது டிஸ்க்கின் வயரைக் கழற்றி மேசைமேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். பக்கத்தில் சத்யப்ரியாவை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை அவள் வாயால் வாசிக்கச் சொன்னார். பதிவுகளின் நகல் ஒன்று அழகுபாண்டி கடையிலும், ஒன்று எழுமலைச் சொந்தக்காரர் வீட்டு பீரோவிலும் இப்போது இருக்கிறது.

சென்டரில் யாராவது அவரிடம் எந்த லினக்ஸ் நல்லது என்று கேட்டால் முன்பு ஒரு மணி நேரம் பேசுவார். இப்போது, வீட்டில் அதன் முன்னால் உட்காரப் போவது யார் யார் என்று கேட்கிறார். வயதானவர்கள் என்றால் மின்ட் போட்டுக் கொடுக்கிறார். என் வீட்டில் அதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதிதாக ஏதாவது வந்திருந்தால் பென்டிரைவில் போட்டு ஒரு சுற்று சுற்றி வருவதை அவர் விடவில்லை. ஏரிகள், பனிமலைகள் எல்லாம் இன்னும் உண்டு. தன் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் என்ற பொத்தான் பக்கம் மட்டும் போவதில்லை.

2025 ஆகஸ்டில் டெபியனின் புதுப் பதிப்பு வந்தது. அவர் அவசரப்படவில்லை. தீபாவளி முடியட்டும் என்று இருந்துவிட்டு, நவம்பரில் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இருப்பதை அழிக்காமலே அதற்கு மாற்ற ஆரம்பித்தார். எழுத்துகள் வரிவரியாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. மழைக்கு விமானச் சத்தமும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அணைத்துத் திறந்தார். முத்துச்செல்வி கை துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, தன் பட்டியலைத் திறந்து, நவம்பர் மாத எடையை டைப் செய்ய ஆரம்பித்தார். நாலைந்து பிள்ளைகளின் பெயர் ஆன பிறகு நிமிர்ந்தார்.

"மாத்தப் போறேன்னீகளே. எப்ப ஆரம்பிக்கப் போறீக?"

"மாத்தியாச்சு" என்றார் பீமாராவ்.

முத்துச்செல்வி திரையை ஒருதடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அடுத்த பிள்ளையின் பெயருக்குப் போனார்.